மூணு மார்க் குறையுது!

மக்களே, கொஞ்ச நாளா ஆணி ஜாஸ்தி. ரிலீஸ், ப்ரொடக்‌ஷன் இஷ்யூ, ராத்திரி ரெண்டு மணிக்கு கால்னு போயிட்டிருந்த வாழ்க்கையில போன சனிக்கிழமை ஒரு ஜெர்மன் படம் பாத்தேன். ஹாஸ்டல், பசங்க, நட்பு, கிறிஸ்துமஸ் லீவு. குடும்பத்தோட உக்காந்து பாக்கற மாதிரி படம். "சரி, ஒரு சின்ன விமர்சனம் எழுதிடலாம்"னுதான் ஆரம்பிச்சேன். தோண்டத் தோண்ட வேற எங்கேயோ போயிடுச்சு. அதனால இது விமர்சனம் இல்லை, வரலாறு. மொக்கைன்னு நெனைக்கிறவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடுங்க :-)

படத்தோட பேர் 'பறக்கும் வகுப்பறை'. ஜெர்மன்ல 'தாஸ் ஃப்ளீகென்டே க்ளாஸன்ட்ஸிம்மர்'. (மூணு தடவை வேகமா சொல்லிப் பாருங்க, நாக்கு சுளுக்கிக்கும்.) இதே கதை 1954, 1973, 2003, 2023னு நாலு தடவை படமா வந்திருக்கு. ஒரே ஸ்கூல் கதையை அந்த ஊர்க்காரங்க ஏன் திரும்பத் திரும்ப எடுக்கறாங்கன்னு கேட்டா, 1933க்குப் போகணும்.

மூலம் ஒரு சிறுவர் நாவல். எழுதியவர் எரிஷ் கெஸ்ட்னர். 1899ல் டிரெஸ்டன் நகரில் பிறந்தவர். 1929ல் 'எமிலும் துப்பறிவாளர்களும்' எழுதி உலகம் முழுக்கப் பேர் வாங்கியவர். 'பறக்கும் வகுப்பறை' 1933ல் வெளியானது. அந்த வருஷ ஜனவரியில்தான் ஹிட்லர் பதவிக்கு வந்தார். மே 10ஆம் தேதி ராத்திரி, பெர்லினில் ஓபரா சதுக்கத்தில் (இன்றைய பேபல் சதுக்கம்) மாணவர்கள் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். ஆமாம், மாணவர்கள்தான், யூனிவர்சிட்டி பசங்க. கோயபல்ஸ் வந்து உரையாற்றினார். எழுத்தாளர்கள் பேரைச் சொல்லிச் சொல்லி நெருப்பில் போட்டார்கள். அந்தப் பட்டியலில் கெஸ்ட்னர் பேரும் இருந்தது.

இதுல விஷயம் என்னன்னா, கெஸ்ட்னர் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே நின்னு பாத்துக்கிட்டிருந்தார். தன் புத்தகம் எரியறதைத் தானே பார்த்த எழுத்தாளர். கூட்டத்தில் ஒரு பெண் அவரை அடையாளம் கண்டு கத்த, மனுஷன் நைசா நழுவிட்டார். இன்றைக்கு அந்தச் சதுக்கத்தில் தரைக்குக் கீழே கண்ணாடி வழியாகத் தெரிகிற மாதிரி ஒரு நினைவிடம் இருக்கிறது: 20,000 புத்தகங்கள் வைக்கிற அளவுக்கு அலமாரிகள், எல்லாம் காலி. மிகா உல்மன் என்ற இஸ்ரேலியச் சிற்பி 1995ல் செய்தது.

சரி, கதைக்கு வருவோம். கிர்ஷ்பெர்க் என்கிற ஊரில் ஒரு உறைவிடப் பள்ளி. அஞ்சு பசங்க. மார்ட்டின்: முதல் ரேங்க், ஆனா ஏழை வீட்டுப் பையன், பாதி ஃபீஸ் சலுகையில் படிக்கிறான். ஜானி: அப்பா நியூயார்க்கில் கப்பல் ஏத்தி விட்டு, 'ஹாம்பர்க்ல தாத்தா பாட்டி வந்து கூட்டிட்டுப் போவாங்க'ன்னு பொய் சொல்லி அனுப்பின பையன். அவங்க செத்து வருஷமாச்சு. கப்பல் கேப்டன்தான் வளர்க்கிறார். மத்தியாஸ்: எந்நேரமும் பசி, பாக்ஸிங் பைத்தியம். ஊலி: குள்ளம், பயந்தாங்கொள்ளி. செபாஸ்டியன்: எதையும் நக்கலா பேசற அறிவாளி. இவங்க கிறிஸ்துமஸுக்குப் போடற நாடகத்தோட பேர்தான் 'பறக்கும் வகுப்பறை'. பாடத்தை உக்காந்து படிக்காம, விமானத்தில் எரிமலைக்கும் பிரமிடுக்கும் துருவத்துக்கும் போய்ப் படிக்கிற கற்பனை.

பக்கத்து ஸ்கூல் பசங்களோட இவங்களுக்கு ஜென்மப் பகை. அந்தப் பசங்க க்ராய்ட்ஸ்காம்ங்கிற பையனைப் பிடிச்சு ஒரு வீட்டுக் கீழறையில் கட்டி வச்சு, அவன்கிட்ட இருந்த டிக்டேஷன் நோட்டுகளை எல்லாம் கொளுத்திடறாங்க. அவன் மீட்கப்பட்டு வெளியே வரும்போது சாம்பலைக் கைக்குட்டையில் முடிஞ்சு எடுத்துட்டு வர்றான்.

இந்த இடத்துல படிக்கறதை நிறுத்திட்டு வருஷத்தை மறுபடி பாத்தேன். 1933. பெர்லின்ல புத்தகம் எரிஞ்ச அதே வருஷம் வந்த சிறுவர் கதையில பசங்க நோட்டுப் புத்தகத்தைக் கொளுத்தறாங்க. நாவலில் நாஜி என்கிற வார்த்தையே கிடையாது. கொடி, சீருடை எதுவும் கிடையாது. ஆனா சாம்பல் இருக்கு. அப்புறம் அந்தப் பையனோட அப்பா, அதாவது ஜெர்மன் வாத்தியார், வகுப்பில் ஒரு விஷயம் சொல்லி எல்லாரையும் எழுதச் சொல்றார்: அநியாயம் நடந்தா அதில் செய்தவனுக்கு மட்டுமில்லை, தடுக்காமல் விட்டவனுக்கும் பங்கு உண்டு என்கிற கருத்து. இதை வேணும்னே எழுதினாரா, தானா வந்து விழுந்ததான்னு நான் வாதாட வரலை. எரிஞ்சதைப் பாத்த கைதான் இதையும் எழுதியிருக்கு, அவ்வளவுதான்.

இன்னொரு கதையும் உள்ளே ஓடுது. 'நியாயவான்'னு பசங்க செல்லமா கூப்பிடற விடுதி ஆசிரியர் பெக். அவர் சின்ன வயசில் இதே பள்ளியில் படித்தவர். அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்க, பெர்மிஷன் இல்லாம ஓடி ஓடிப் போய்ப் பாத்து மாட்டிக்கிட்டு, தனியறையில் அடைக்கப்பட்டார். அவருக்குப் பதிலா அவரோட நண்பன் அந்த அறையில் போய் உக்காந்து, இவரை அம்மாகிட்ட அனுப்பி வச்சான். பெரியவனானதும் மனைவியும் குழந்தையும் இறந்துபோக, அந்த நண்பன் காணாமலே போயிட்டான். இப்போ ஊரோரத்தில் பழைய ரயில் பெட்டியில் குடியிருக்கிற ஒருத்தரைப் பசங்க கண்டுபிடிக்கறாங்க. புகை பிடிக்கக் கூடாத பெட்டி என்பதால் அவருக்கு 'நோ ஸ்மோக்கிங்'னு பட்டப்பேர். (ஆனா அண்ணாத்தே நல்லா ஊதுவார்!) ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு புரிஞ்சு பசங்களே சேத்து வைக்கறாங்க.

தொலைந்த நண்பன் திரும்பக் கிடைக்கிற இந்தக் கதை வந்த வருஷத்தில்தான் கெஸ்ட்னரின் நண்பர்கள் ஒவ்வொருத்தராக நாட்டை விட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். இந்த நாவலுக்குப் படம் வரைந்த வால்டர் ட்ரியர் யூதர். 1936ல் லண்டன் போனார், பிறகு கனடா, 1951ல் அங்கேயே இறந்தார். கெஸ்ட்னர் மட்டும் போகவில்லை. பன்னிரண்டு வருஷமும் ஜெர்மனியிலேயே இருந்தார். கெஸ்டபோ ரெண்டு தடவை பிடித்துக்கொண்டு போய் விட்டது. சொந்த ஊரில் எழுதத் தடை, புத்தகங்கள் சுவிட்சர்லாந்தில் அச்சாயின. 1943ல் வந்த 'முன்சௌசன்' என்ற பிரம்மாண்டக் கலர் படத்துக்குத் திரைக்கதை இவருடையதுதான், புனைபெயரில். அதாவது புத்தகத்தை எரித்த அதே ஆட்சியின் ஸ்டுடியோவுக்கு! 'எல்லாத்தையும் கூட இருந்து பாத்து ஒரு நாள் பெரிய நாவலா எழுதுவேன்' என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அம்மாவை விட்டுப் போக முடியாததும் இன்னொன்று. அந்தப் பெரிய நாவல் வரவே இல்லை. ரகசியமாக எழுதி வைத்த குறிப்புகள்தான் மிச்சம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 1933ல் பதினாலு வயசுப் பசங்களுக்கு 1939ல் இருபது வயசு. யுத்தத்துக்குப் போற வயசு. இது வெறும் கணக்கு இல்லை. 1931ல் வந்த 'எமில்' படத்தில் குட்டிப் பையனாக நடித்த ஹான்ஸ் ல்யோர் 1942ல் ரஷ்யப் போர்முனையில் இறந்தார்.

யுத்தம் முடிஞ்சு 1954ல் கர்ட் ஹோஃப்மன் முதல் படத்தை எடுத்தார். திரைக்கதை கெஸ்ட்னர். அவரே திரையில் தோன்றிக் கதையும் சொல்கிறார். இருபத்தோரு வருஷம் முன்னாடி கூட்டத்தில் முகத்தை மறைத்த மனுஷன் குழந்தைகள் முன்னாடி வந்து உக்காந்து பேசறார். அதுல நடிச்ச பையன்களில் ஒருத்தர் மிகாயேல் வெர்ஹூவன். பிற்பாடு டைரக்டராகி, ஹிட்லரை எதிர்த்துத் துண்டுப்பிரசுரம் போட்டு உயிரை விட்ட மாணவர்களைப் பத்தி 1982ல் 'வெள்ளை ரோஜா' எடுத்தவர். புத்தகத்தைக் கொளுத்தினதும் மாணவர்கள்தான், இதுவும் மாணவர்கள்தான்.

1973 படம் கலரில் வந்தது, அதை விட்டுடலாம். 2003ல் டோமி விகாண்ட் கதையை லைப்ஸிக் நகருக்கு மாற்றினார். 1212ல் தொடங்கிய புனித தோமா பாடகர் குழுவின் விடுதி. பாஹ் 1723 முதல் 1750 வரை பொறுப்பில் இருந்த அதே இடம். இங்கே நண்பர்களைப் பிரிப்பது சாவு இல்லை, எல்லைச்சுவர். ஒருத்தர் கிழக்கு ஜெர்மனியை விட்டு மேற்கே ஓடிப்போனவர். அவராக நடித்தவர் செபாஸ்டியன் கோக். 'தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்' படத்தில் ஒட்டுக்கேட்கப்படும் நாடக ஆசிரியராக வருவாரே, அவரேதான். 2023 படத்தில் மார்ட்டின் மார்ட்டினா ஆகிவிட்டாள். ஒவ்வொரு தலைமுறையும் தான் தொலைச்ச நண்பனை இந்தக் கதைக்குள்ள தேடுது போல.

சரி, தலைப்பு? நாவலோட கடைசிப் பகுதி. லீவுக்கு எல்லாரும் கிளம்பறாங்க. மார்ட்டினுக்கு வீட்டிலிருந்து கடிதம். ரயில் டிக்கெட் எட்டு மார்க். அம்மாவால் புரட்ட முடிஞ்சது அஞ்சு மார்க், அதுவும் தபால்தலையா. மூணு மார்க் குறையுது. முதல் ரேங்க் பையனுக்கு மூணு மார்க்! யார்கிட்டயும் சொல்லாம மூலையில் நிக்கறான். பெக் கண்டுபிடிச்சு, கேட்டு, இருபது மார்க் கையில் கொடுத்து ரயில் ஏத்தறார். கடன் இல்லை, பரிசு.

இங்கதான் எனக்குக் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சுது. நான் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ படிச்சது ஒரு உறைவிடப் பள்ளியில். பேர் வேண்டாம். காலை நாலரைக்கு மணி அடிச்சா ராத்திரி பத்தரை வரைக்கும் படிப்பு. ப்ளஸ் ஒன் பொங்கலுக்கு நாலு நாள் லீவு. என் ரூம்மேட் மட்டும் பெட்டி கட்டலை. "ஃபிசிக்ஸ் ரிவிஷன் இருக்குடா, நீ போயிட்டு வா"ன்னான். முந்தின நாள் ராத்திரி அவன் கட்டில்ல உக்காந்து சில்லறையை ரெண்டு தடவை எண்ணினதை நான் பாத்தேன். என் பாக்கெட்ல ஐநூறு ரூபாய் இருந்துச்சு. அவன் ஊருக்கு பஸ் டிக்கெட் நூறு சொச்சம். "சரிடா"ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். வரும்போது ரெண்டு துண்டு கரும்பும் முறுக்கும் கொண்டு வந்து கொடுத்தேன். மெஸ் மூடிட்டாங்க, வாட்ச்மேன் தாத்தா வீட்டுச் சோறுதான் சாப்பிட்டேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துல பாத்தோம். பந்தியில் பக்கத்துல உக்காந்தவன், இலையைப் பாத்துக்கிட்டே, "அன்னைக்குக் காசு இல்லடா. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்"ன்னான். கோபமா சொல்லலை. நான் "தெரியாதுடா"ன்னுட்டேன். பொய்.

எங்க ஹாஸ்டல்ல ஒரு பெக் இல்லைன்னு வார்டனைத் திட்டி ஒரு பதிவு போட்டுடலாம், சுலபம். ஆனா பெக் என்ன பெருசா பண்ணிட்டார்? ஒரு பையன் மூஞ்சியைப் பாத்தார், என்னடான்னு கேட்டார். அதுக்கு வார்டனா இருக்கணும்னு அவசியமில்லை, ரூம்மேட்டா இருந்தாலே போதும். கெஸ்ட்னர் ஏன் ஓடலை, ஏன் இன்னும் உரக்கப் பேசலைன்னு இத்தனை வருஷம் கழிச்சும் விவாதம் நடக்குது. நானும் அரை மணி நேரம் வீராவேசமா யோசிச்சேன். அவருக்கு எதிர்ல நின்னது கெஸ்டபோ. எனக்கு எதிர்ல இருந்தது ஒரு கட்டில், ஒரு சில்லறைக் குவியல். அப்புறம் வீராவேசம் அடங்கிடுச்சு.

ஞாயித்துக்கிழமை அவனுக்கு போன் பண்ணி, "தெரியும்டா, பாத்தேன்"னு சொன்னேன். ரெண்டு செகண்ட் சத்தமே இல்லை. அப்புறம், "விடுடா, கரும்பு நல்லாத்தான் இருந்துச்சு"ன்னான்.

பி.கு: வீட்ல பசங்க இருந்தா 1954, 2003 ரெண்டையும் போட்டுக் காட்டுங்க. சப்டைட்டிலோட பாக்கற வயசுன்னா ரொம்ப நல்லது. நாவலும் ஆங்கிலத்தில் கிடைக்குது. உங்க ஹாஸ்டல்ல பெக் மாதிரி யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. இல்லைன்னா, லீவுக்கு ஊருக்குப் போகாம நின்ன அந்தப் பையனைப் பத்தி சொல்லுங்க. எல்லா ஹாஸ்டல்லயும் ஒருத்தன் இருப்பான்.