சேலை, கதவு, குரல்: கொழும்புத் தமிழ் வீட்டின் பால்விருப்பைத் திரை சொன்ன விதம்

முன்னுரை

2020 டிசம்பர் 4 அன்று, கனடாவின் அரச ஒலிபரப்பு நிறுவனமான சிபிசி, தீபா மேத்தா இயக்கிய ‘ஃபனி போய்’ படத்தைத் தொலைக்காட்சியில் காட்டியது. சில நாட்களில் நெட்பிளிக்ஸ் வழியாகப் பிற நாடுகளிலும் அது பார்க்கக் கிடைத்தது. பெருந்தொற்றால் திரையரங்குகள் முடங்கியிருந்த காலம் அது. எனவே 1970களின் நடுப்பகுதியிலிருந்து 1983 ஜூலை வரையான கொழும்பில் வளரும் ஒரு தமிழ்ப் பையனின் தன்பாலீர்ப்பைச் சொன்ன இந்தக் காலகட்டக் கதையை, ரொறொன்ரோவிலும் வேறு நகரங்களிலும் வாழும் ஈழத்தமிழர் பலர் தங்கள் வீட்டு வரவேற்பறையில், பெற்றோரும் பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கவே பார்த்தார்கள். வரவேற்பறையில் பேசப்படாத விடயம் ஒன்று வரவேற்பறைத் திரையிலேயே பேசப்பட்டது.

ஷியாம் செல்வதுரையின் ஆங்கில நாவல் 1994இல் வெளியானது. 2006இல் அது சிபிசி வானொலி நாடகமாயிற்று. 2020இல் திரைக்கு வந்தது. எழுத்து, ஒலி, காட்சி என்ற இந்த மூன்று கட்டங்களிலும் பால்விருப்பைச் சொல்லும் உத்திகள் எவ்வாறு மாறின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அந்த உத்திகளுள் மூன்று முதன்மையானவை: உடல்மேல் உடுத்தப்படும் சேலை, உள்ளே விடும் அல்லது வெளியே நிறுத்தும் கதவு, உறவையும் ஊரையும் காட்டிக்கொடுக்கும் குரல். முதல் இரண்டையும் திரை நன்றாகவே கையாண்டது. மூன்றாவதில் அது தவறியது. அந்தத் தவறு உச்சரிப்போடு நிற்கவில்லை. பால்விருப்பின் சித்திரிப்பையும் பாதித்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கொழும்புப் பார்வையாளர் பழகிய மரபு

கொட்டாஞ்சேனைச் செல்லமஹால் போன்ற அரங்குகளில் தமிழகப் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குத் திரையில் காமம் எப்படி வரும் என்பது நன்றாகத் தெரியும். காதலர் நெருங்கும்போது கமெரா விலகும். இரண்டு பூக்கள் உரசும், வண்டு வரும், மழை கொட்டும், விளக்கு அணையும். மீதியைப் பாட்டு சொல்லும். தணிக்கைக்குப் பயந்து பிறந்த இந்த மரபு, காலப்போக்கில் தனக்கென ஒரு மொழியாகவே வளர்ந்துவிட்டது. கமெரா விலகுவதே அந்தக் காதலுக்குக் கிடைத்த அங்கீகாரம்: இவர்கள் சேரத்தக்கவர்கள், ஆகவே இவர்களைத் தனியே விடுகிறோம் என்று அது சொன்னது.

அந்த மொழியில் ஆண்மீது ஆண் கொள்ளும் விருப்புக்கு இடமிருக்கவில்லை. பெண்மை கலந்த நடையுள்ள ஆண் நகைச்சுவைக்காகவே வந்தான். அவனுக்குப் பாட்டும் இல்லை, கமெரா விலகி நிற்கும் மரியாதையும் இல்லை. சிரிப்பொலி மட்டுமே கிடைத்தது.

இலங்கைச் சிங்களத் திரையில் இந்த நிலை 2000களில் அசையத் தொடங்கியது. அசோக ஹந்தகமவின் ‘தனி தட்டுவென் பியாம்பன்ன’ (2002) ஆணாக வாழும் ஒரு பெண்ணின் கதையைச் சொன்னது. பின்னர் அவரது ‘அக்ஷரய’ இலங்கையில் தடைசெய்யப்பட்டது. 1912ஆம் ஆண்டின் பொது அரங்காற்றுகைச் சட்டமும் அதன்கீழ் இயங்கிய சபையும் எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பதைத் தீர்மானித்துவந்தன. 2014இல் விசாகேச சந்திரசேகரத்தின் ‘சயபெதி குசும’ ஆண்களுக்கிடையேயான காதலை நேராகவே பேசியது.

தீபா மேத்தா இந்தப் பாதைக்குப் புதியவர் அல்லர். அவரது ‘ஃபயர்’ (1996) தில்லியில் ஒரே வீட்டில் வாழும் இரு மருமகள்களுக்கிடையேயான காதலைச் சொன்னது. 1998இல் இந்தியாவில் அதைத் திரையிட்ட அரங்குகள் தாக்கப்பட்டன. படுக்கையறைக்கு வெகு முன்பே அந்தப் படம் விருப்பைச் சொல்லிவிடும். வீட்டார் நடுவே ஒருத்தி மற்றவளின் பாதத்தைப் பிடித்துவிடுவாள். கணவன் பக்கத்திலேயே இருப்பான், அவனுக்கு எதுவும் புரியாது. குடும்பம் அனுமதித்த தொடுகைக்குள் அனுமதியற்ற விருப்பை ஒளித்துவைக்கும் இந்த உத்திதான் ‘ஃபனி போய்’ படத்துக்கும் அடித்தளம். ‘வாட்டர்’ படத்தை வாரணாசியில் எடுக்க முடியாமற்போனபோது அவர் அதை இலங்கையில்தான் எடுத்து முடித்தார். ‘மிட்நைட்ஸ் சில்ட்ரன்’ படத்துக்கும் இலங்கையே களமானது. கொழும்பின் ஒளியும் பழைய வீடுகளும் அவருக்குப் பழக்கமானவை.

நாவல்: வீடே ஒரு சட்டகம்

கமெரா வரும் முன்பே நாவல் தன் களத்தைச் சட்டகங்களாகப் பிரித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் கூடும் பாட்டி வீட்டில் முன்முற்றமும் வெளியும் பெடியன்களுக்கு, பின்வளவும் குசினிப் பக்கமும் பெட்டைகளுக்கு. கதைசொல்லும் பையன் அர்ஜி பின்பக்கத்துக்கு உரியவன். அங்கே நடக்கும் கலியாண விளையாட்டில் எப்போதும் அவன்தான் மணமகள். ஒருநாள் மாமி ஒருத்தி அவனைச் சேலையோடு பெரியவர்கள் இருக்கும் கூடத்துக்கு இழுத்துவந்து நிறுத்துகிறாள். பின்வளவில் அழகாக இருந்த அதே சேலை கூடத்தில் அவமானமாகிறது. உடை மாறவில்லை, உடல் மாறவில்லை, இடம் மட்டுமே மாறியது. எதை யார் எங்கே பார்க்கலாம் என்ற விதிதான் பாலின ஒழுங்கு என்பதை நாவல் ஒரு வீட்டுப் படத்தை வரைந்தே காட்டிவிடுகிறது.

அதன் அடுத்த அடி இன்னும் நுட்பமானது. அம்மா சேலை உடுத்துவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது அர்ஜியின் பெருமகிழ்ச்சி. கொசுவம் மடிப்பதும் நகையைத் தெரிவதும் அவனுக்கு ஒரு சடங்குபோல. அந்தக் கூடத்துச் சம்பவத்துக்குப் பின் அம்மா படுக்கையறைக் கதவைச் சாத்திவிடுகிறாள். அடியும் இல்லை, வசவும் இல்லை. ஒரு பிள்ளையை அவன் விருப்பத்திலிருந்து பிரிக்கத் தமிழ்வீடு பயன்படுத்தும் மிக மென்மையான, மிகக் கொடிய கருவி அது.

நாவலின் கடைசிப் பகுதி 1983 ஜூலை வன்முறை பற்றிய நாட்குறிப்பு. பிரியுமுன் தன் காதலன் ஷெஹானைக் கடைசியாகச் சந்தித்துவிட்டு வரும் அர்ஜி, அவனது வாசனை உடையில் இருப்பதால் அதை மாற்றவே தயங்குகிறான். காட்சியாலோ ஒலியாலோ நேரடியாகத் தரமுடியாத புலன் அது. எழுத்து இவ்வளவு எளிதாகச் சொன்னதைத் திரை என்ன செய்து ஈடுகட்டும் என்பதே தழுவலின் அடிப்படைச் சிக்கல்.

வானொலி: முகமற்ற நெருக்கம்

2006இல் சிபிசி வானொலிக்காக நாவல் நாடகமானபோது அதை இயக்கியவரும் தீபா மேத்தாதான். திரைக்கு 14 ஆண்டுகள் முந்திய ஒத்திகை என்று அதைக் கொள்ளலாம். வானொலியில் சேலை தெரியாது, கதவு மூடும் சத்தம் மட்டும் கேட்கும். விருப்பு, வெட்கம், பயம் எல்லாம் குரலின் ஏற்ற இறக்கத்திலும் இடைவெளியிலும்தான் வரவேண்டும். குரலை நடிப்பின் துணைக்கருவியாக எண்ணுவோருக்கு அது பாலியல் சித்திரிப்பின் நடுக்கருவி என்பதை வானொலி வடிவம் உணர்த்துகிறது. படத்தின் தமிழ்ப் பேச்சு குறித்துப் பின்னர் வந்த சர்ச்சையைப் புரிந்துகொள்ள இந்தக் கட்டம் முக்கியம்.

திரை: உடையும் வெட்டும்

படத்தின் திரைக்கதையைச் செல்வதுரையும் மேத்தாவும் சேர்ந்து எழுதினார்கள். ஒளிப்பதிவு டக்ளஸ் கொக், படத்தொகுப்பு தெரேசா ஃபொன்ற், இசை ஹவார்ட் ஷோர். சிறுவன் அர்ஜியாக ஆருஷ் நந்தும் இளைஞன் அர்ஜியாக பிரண்டன் இங்ரமும் நடித்தார்கள். நாவலில் ஒரே குரல், வளர்ந்தபின் திரும்பிப் பார்த்து முழுக்கதையையும் சொல்கிறது. பால்யத்தில் புரியாததை அந்தக் குரல் பின்னாளின் அறிவோடு விளக்கமுடியும். படத்தில் அந்த விளக்கத்தின் வேலையை இரண்டு உடல்களும் அவற்றுக்கிடையேயான ஒரு வெட்டும் செய்யவேண்டியிருக்கிறது. மணமகள் சேலையில் மகிழ்ந்த சிறுவனின் முகம் பார்வையாளர் நினைவில் இருப்பதால்தான், இளைஞனின் தயக்கம் எதிலிருந்து வந்தது என்று புரிகிறது. ஒரு காட்சி பின்னால் வரும் இன்னொரு காட்சிக்கு அடியில் கிடந்து அதற்குப் பொருள் தருவதே இந்த உத்தி.

சேலைக் காட்சிகளில் சிறுவனைப் பார்த்துக் கமெரா சிரிப்பதில்லை. சிரிப்பவர்கள் கதைக்குள் இருக்கும் பெரியவர்களே. பழைய தமிழ்த்திரை மரபிலிருந்து இது பெரிய விலகல்: பெண்மை கலந்த ஆணைக் கேலியாகப் பார்த்த கண்ணே இங்கே விசாரிக்கப்படும் கண்ணாகிறது.

வெளிநாட்டிலிருந்து வரும் அர்ஜியின் மாமி ராதா, சிங்கள இளைஞன் அனிலை விரும்புவது அர்ஜியின் காதலுக்கு இணையாக வைக்கப்பட்ட கதை. நாவலில் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ரயிலில் ராதா தாக்கப்பட்டபின் அந்தக் காதல் முறிகிறது. இனம் தாண்டிய காதலும் பால் எல்லை தாண்டிய காதலும் ஒரே வீட்டால், ஒரே காரணத்தால் மறுக்கப்படுகின்றன: ஊர் என்ன சொல்லும்? ராதாவின் கதையைப் பார்த்து இரங்கும் பார்வையாளர், ஷெஹானும் அர்ஜியும் வரும்போது அந்த இரக்கத்தைத் திரும்பப் பெற இயலாதபடி கதை அமைந்திருக்கிறது.

குரல்: திரை தவறிய இடம்

படம் வெளியாவதற்கு முன்பே ஈழத்தமிழர் மத்தியில் கடும் எதிர்ப்பு எழுந்தது. தமிழ்ப் பாத்திரங்கள் பலவற்றில் தமிழரல்லாதோர் நடித்திருந்தனர். வாயில் வந்த தமிழ் தடுமாறியது. புறக்கணிப்புக் குரல் கொடுத்தவர்களுள் தமிழ்ப் பால்புதுமையினரும் இருந்தார்கள். தங்கள் கதை தங்கள் நாவில் வரவில்லை என்ற அவர்களின் வேதனை நியாயமானது.

ஆங்கிலம் மிகுதியாக இருந்ததை மட்டும் வைத்துப் படத்தைக் குறைசொல்ல முடியாது. அர்ஜியின் குடும்பத்தைப் போன்ற கொழும்பு மேல்நடுத்தரத் தமிழ்வீடுகளில் ஆங்கிலமே பேச்சுமொழியாக இருந்தது உண்மை. கனடா இந்தப் படத்தை ஒஸ்கார் சர்வதேசத் திரைப்படப் பிரிவுக்கு அனுப்பியபோது, உரையாடலில் பாதிக்கு மேல் ஆங்கிலமாக இருந்ததால் அது தகுதி இழந்தது. அந்த முடிவு படத்தின் சமூகச் சூழலைத் தெரிவிக்கிறது, அதைப் பொய்யாக்கவில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஆங்கிலம் பேசும் வீட்டில் தமிழ் எப்போது வரும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பாட்டி கண்டிக்கும்போது வரும். அம்மா கெஞ்சும்போது வரும். வேலைக்காரரோடும் கடவுளோடும் பேசும்போது வரும். வெட்கமும் பாசமும் கோபமும் அடிவயிற்றிலிருந்து எழும்போது வருவது தமிழ்தான். வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்து வேரோடு வாழ்ந்த குடும்பத்தின் பேச்சு ஒரு விதம். தலைமுறைகளாய்க் கொழும்பிலேயே வாழ்ந்தவர்களும் மலையகத்திலிருந்து வந்தவர்களும் கலந்த கொட்டாஞ்சேனையின் பேச்சு வேறு விதம். ஒரு பிள்ளையை ஆண்பிள்ளையாக நட என்று அதட்டும் சொல் அந்தந்த வட்டாரத் தொனியில் விழும்போதுதான் அது சுடும். தொனி தவறினால் அதட்டலின் கூர் மழுங்கும், அதனால் அந்தப் பிள்ளை பட்ட காயமும் பார்வையாளருக்கு எட்டாது.

2020 டிசம்பர் 18 அன்று நெட்பிளிக்ஸில் வந்த ‘பாவக் கதைகள்’ தொகுப்பில் சுதா கொங்கரா இயக்கிய ‘தங்கம்’ ஓர் ஒப்பீட்டுக்கு உதவும். அதுவும் 1980களின் தொடக்கத்தில் நிகழும் கதை. கொங்குநாட்டில், காளிதாஸ் ஜெயராம் நடித்த சத்தார் என்ற திருநங்கையின் வாழ்வைச் சொல்கிறது. திருநங்கை வேடத்துக்குத் திருநங்கையைத் தெரிவுசெய்யவில்லை என்ற குறை அதற்கும் உண்டு. ஆனாலும் வட்டாரத் தமிழ் அந்தப் பாத்திரத்தை ஊரோடு பிணைக்கிறது. ஊர் அவளை விரட்டும்போது, விரட்டுவோரும் விரட்டப்படுபவளும் ஒரே பேச்சைப் பேசுகிறார்கள் என்பதே வலியைக் கூட்டுகிறது.

1983: ஒளிதலின் இரு பொருள்

1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 24ஆம் திகதி இரவு பொரளையில் தொடங்கிய வன்முறை மறுநாள் வெள்ளவத்தை உட்படக் கொழும்பின் பல பகுதிகளுக்குப் பரவியது. கும்பல்கள் வாக்காளர் இடாப்போடு வீடு வீடாக வந்தன. தெருவில் மறிக்கப்பட்டவர்களிடம் சில சிங்களச் சொற்களை உச்சரிக்கச் சொல்லித் தமிழரை இனங்கண்டார்கள் என்று தப்பியவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். திரைத்துறையும் தப்பவில்லை: கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது, இயக்குநர் கே. வெங்கட் கொல்லப்பட்டார்.

கதையின் மூன்று கருவிகளும் இங்கே இன்னொரு பொருள் கொள்கின்றன. அர்ஜியைத் தடுத்த கதவுக்குப் பின்னால் இப்போது முழுக்குடும்பமும் ஒளிகிறது. தன்னைக் காட்டாமல் நடக்கப் பழகியிருந்த பையனின் வாழ்வை இப்போது எல்லாத் தமிழரும் வாழ்கிறார்கள். பொட்டை அழித்து, உடையை மாற்றி, வாயைத் திறக்காமல் தெருவைக் கடக்கவேண்டிய நிலை. பால்விருப்பைச் சொல்ல உருவான திரைமொழி இனப்பயத்தையும் சொல்லத் தகுதி பெறுவது இந்த ஒற்றுமையால்தான். அந்தக் குடும்பம் தன் பிள்ளைமீது சுமத்திய மறைவை அரசும் கும்பலும் அந்தக் குடும்பத்தின்மீதே சுமத்தின.

உச்சரிப்பே உயிரைத் தீர்மானித்த ஒரு நாளைப் படமாக்கும்போது உச்சரிப்பைச் சின்ன விடயமாகக் கருதமுடியாது. குரலைத் தவறவிட்ட படம், தான் சொல்லவந்த இரு அச்சங்களும் சந்திக்கும் புள்ளியையே தவறவிட்டது.

முடிவுரை

2021இன் கனடியத் திரை விருதுகளில் ‘ஃபனி போய்’ சிறந்த இயக்கம், சிறந்த தழுவல் திரைக்கதை, சிறந்த இசை ஆகியவற்றுக்கான விருதுகளைப் பெற்றது. அதன் காட்சிமொழிக்கு அந்த மதிப்பு தகும். சேலை உடுத்திய ஒரு தமிழ்ச் சிறுவனைக் கேலியின்றிப் பார்க்கமுடியும் என்று அது காட்டியது பெரிய காரியம்.

சட்டம் இன்னும் அந்தச் சிறுவனுக்கு எதிராகவே இருக்கிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் ஒருபாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்றும் இலங்கையில் நீடிக்கின்றன. 1995இல் செய்த திருத்தம் பெண்களையும் அவற்றின் வரம்புக்குள் கொண்டுவந்தது. அந்தப் பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. வழி திறந்திருக்கிறது, நாடாளுமன்றம் நடந்துபோகவேண்டும்.

திரைக்கும் அதுபோலவே. வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனைத் தெருக்களிலும் வளர்ந்த பால்புதுமைத் தமிழரின் கதைகள் ஒரு குடும்பத்தோடு, ஒரு வர்க்கத்தோடு முடிந்துவிடவில்லை. அடுத்த படத்தை எடுப்பவர்கள் நடிகர் தெரிவையும் வட்டாரத் தமிழையும் ஒளிப்பதிவுக்கு இணையான கலைவேலையாக எடுத்துக்கொள்ளவேண்டும். திரைக்கதை எழுதும் மேசையிலேயே அந்த மொழியைப் பேசுகிறவர்களும் அந்த வாழ்வை வாழ்கிறவர்களும் இருக்கவேண்டும். அப்போதுதான் ‘ஃபனி போய்’ தொடங்கிவைத்த வேலை முழுமை பெறும்.