வலிக்காத நோயை யார் கண்டுபிடித்தது?

உடம்பு தன் குறையைத் தானே சொல்லும், நோயாளி அதை வைத்தியரிடம் கொண்டுபோவார், வைத்தியர் மருந்து தருவார். மருத்துவம் நெடுங்காலம் இந்த வழியில்தான் நடந்தது. உயர் ரத்த அழுத்தம் இந்த வழியில் வருவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது தலைவலியும் தராது, மயக்கமும் தராது. ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு மூளையையோ இதயத்தையோ சிறுநீரகத்தையோ தாக்கும். அதை அளக்கும் கருவி 1896-லேயே வந்துவிட்டது. ஆனால் அழுத்தத்தைக் குறைத்தால் ஆயுள் கூடும் என்பதற்கு உறுதியான சான்று கிடைத்தது 1967-ல்தான். இடையில் எழுபது ஆண்டுகள் போயின. நல்ல மருந்து இல்லாதது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், முறையீட்டோடு வந்தவரை மட்டுமே மருத்துவம் நோயாளியாகக் கண்டது. நன்றாக இருப்பவர்களை வரிசையாக அளந்து, அவர்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று எண்ணிப் பார்த்த பிறகே இந்த நோய் கண்ணுக்குத் தெரிந்தது.

ரத்தத்துக்கு அழுத்தம் உண்டு என்பது பழைய செய்தி. ஆங்கிலப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் ஒரு பெண் குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, ரத்தம் எட்டு அடிக்கு மேல் ஏறியதை 1733-ல் வெளியான நூலில் எழுதினார். மனிதரிடம் இதைச் செய்ய முடியாது என்பதால் வெளியிலிருந்து அளக்கும் வழியைத் தேடினார்கள். லண்டன் கைஸ் மருத்துவமனையில் 1870-களில் பணியாற்றிய ஃபிரெடரிக் அக்பர் மஹமத், நாடித்துடிப்பைக் கோடாக வரையும் கருவியைத் திருத்தியமைத்தார். பாட்னாவில் பிறந்து, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியல் நிலையம் நடத்திய ஷேக் தீன் மஹமதின் பேரன் அவர். சிறுநீரகம் கெட்டதால்தான் அழுத்தம் ஏறுகிறது என்று மற்றவர்கள் நினைத்தபோது, சிறுநீரகம் கெடுவதற்கு முன்பே, வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாக இருப்பவர்களிடமும் அது ஏறியிருக்கும் என்று அவர் காட்டினார். 1884-ல் டைஃபாய்டு காய்ச்சலில் அவர் இறந்தபோது வயது 35. அவர் சொன்னதும் மறக்கப்பட்டது. 1896-ல் இத்தாலியின் ரிவா-ரோச்சி கையில் சுற்றும் பட்டையையும் பாதரசக் குழாயையும் இணைத்தார். 1905-ல் ரஷ்ய மருத்துவர் நிகோலாய் கொரொட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் கேட்கும் ஒலிகளைக் கொண்டு மேல் எண், கீழ் எண் இரண்டையும் கணிக்கலாம் என்றார்.

இந்தக் கருவியின் பயனை முதலில் முழுதாக உணர்ந்தவர்கள் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தார். அவர்களிடம் வருபவர்கள் நோயாளிகள் அல்லர், பாலிசி கேட்கும் ஆரோக்கியமானவர்கள். யார் சீக்கிரம் இறப்பார் என்பது அவர்களுக்குப் பணக் கணக்கு. அமெரிக்க நிறுவனங்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பதாரர்களின் அழுத்தத்தை அளக்கத் தொடங்கின. 1925-ல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கணக்கைத் தொகுத்தபோது, அழுத்தம் ஏற ஏற ஆயுள் குறைவது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் மருத்துவ உலகம் எதிர்த்திசையில் நின்றது. சுருங்கிய தமனிகள் வழியே ரத்தத்தைத் தள்ள உடல் தானே செய்துகொள்ளும் ஏற்பாடு இது, இதில் கைவைக்கக் கூடாது என்று புகழ்பெற்ற இதய மருத்துவர் பால் டட்லி வைட் 1931-ல் எழுதினார். உயர் அழுத்தம் இருப்பது தெரியவருவதே நோயாளிக்குப் பெரிய ஆபத்து, யாராவது ஒரு முட்டாள் அதைக் குறைக்கக் கிளம்பிவிடுவான் என்று அதே ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் ஹே சொன்னார்.

அந்த மருத்துவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. காப்பீட்டுக் கணக்கு, அழுத்தம் உள்ளவர் சீக்கிரம் இறக்கிறார் என்று மட்டுமே சொன்னது. குறைத்தால் பிழைப்பார் என்று சொல்லவில்லை. கையில் நம்பகமான மருந்தும் இல்லை. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் கதை இந்தக் கையறுநிலைக்குச் சான்று. 1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூயன் அளந்தபோது அவருடைய அழுத்தம் 186/108. உப்பைக் குறைப்பது, ஓய்வு, இதயத்துக்கு டிஜிட்டாலிஸ் என்பவற்றைத் தவிர புரூயனால் பெரிதாக எதுவும் தர முடியவில்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு அதிபர் இறந்தார். அப்போது அளந்த எண் 300/190.

அதன்பின் கணக்கெடுப்பு, மருந்து என இரண்டு பக்கத்திலிருந்தும் வழி திறந்தது. 1948-ல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் என்ற சிற்றூரில் 5,209 பேரைத் தேர்ந்தெடுத்து ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கத் தொடங்கினார்கள். வயதோடு நூறைக் கூட்டினால் வருவதே சரியான அழுத்தம், பெண்கள் உயர் அழுத்தத்தைத் தாங்கிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கைகள் அங்கே உடைந்தன. மருந்துப் பக்கத்தில், இந்திய வைத்தியம் நெடுங்காலமாக அறிந்த சர்ப்பகந்தி வேரின் பயனை பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-ல் பிரிட்டிஷ் இதழில் எழுதினார். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. 1950-களின் கடைசியில் உப்பையும் நீரையும் வெளியேற்றும் தயசைடு மாத்திரைகள் வந்தன. இவற்றைக் கொண்டு அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் ஃபிரைஸின் குழு, கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களிடம் சோதனை நடத்தியது. 1967-ல் முடிவு வெளியானது: வெற்று மாத்திரை பெற்ற 70 பேரில் 27 பேருக்குக் கடும் பாதிப்பு, நால்வர் மரணம், மருந்து பெற்ற 73 பேரில் இருவருக்குப் பாதிப்பு, மரணம் இல்லை. வைட், ஹே ஆகியோரின் அச்சத்துக்கு இதுவே பதில்.

இன்று எழும் மறுப்பு வேறு: நன்றாக நடமாடுபவரை ஓர் எண்ணைக் காட்டி நோயாளியாக்குவது மருந்துக் கம்பெனிகளின் வேலை அல்லவா? 140/90 என்றிருந்த கோட்டை அமெரிக்க மருத்துவ அமைப்புகள் 2017-ல் 130/80-க்கு இறக்கியதும் ஒரே நாளில் கோடிக்கணக்கானோர் நோயாளிகள் ஆனார்களே? இதில் பாதி உண்மை உண்டு. 1950-களிலேயே பிரிட்டிஷ் மருத்துவர் ஜார்ஜ் பிக்கரிங், இயல்பு அழுத்தத்துக்கும் உயர் அழுத்தத்துக்கும் நடுவே இயற்கை கோடு எதுவும் கிழிக்கவில்லை, இருப்பது கூடுதல் குறைவு மட்டுமே என்று வாதாடினார். அது ஒரு தனி நோய் என்ற ராபர்ட் பிளாட்டின் வாதம் நிற்கவில்லை. கோடு மனிதர் வகுத்தது என்பதால் ஆபத்தும் மனிதர் கற்பித்தது ஆகிவிடாது. கோட்டை எங்கே வைப்பது, யாருக்கு மாத்திரை, யாருக்கு உப்புக் குறைப்பும் நடையும் போதும் என்பதைப் பற்றி வாதாட இடம் இருக்கிறது. மருந்தின் பயனையோ சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மேல் எண் மட்டும் உயர்ந்திருந்த, 60 வயதைத் தாண்டிய 4,736 பேரிடம் நடத்தி 1991-ல் வெளியிட்ட ஆய்வில், மருந்து பக்கவாதத்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தது.

‘எனக்கு ஒன்றும் செய்யவில்லை, எதற்கு பிரஷர் பார்க்க வேண்டும்?’ என்ற கேள்வி இன்றும் நம் வீடுகளில் கேட்கிறது. நிபுணர்களே அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படித்தான் நினைத்தார்கள், அதற்கான விலையை நோயாளிகள் கொடுத்தார்கள். இந்த நோயில் உடம்பின் சாட்சியை நம்ப முடியாது. முப்பது வயதைக் கடந்தவர்கள் நன்றாக இருக்கும்போதே அளந்துகொள்ளுங்கள். மாத்திரை எடுப்பவர்கள் எண் இறங்கிவிட்டது என்று தாமாக நிறுத்தாதீர்கள்.