எம்டன் மூழ்கடித்த படங்களும் நம் ஊர்ப் பாலிடெக்னிக் பிள்ளையும்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தோணித்துறையில் கணக்கு எழுதுபவன். மகள் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டுப் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ படிக்கிறாள். "2023 வெள்ளத்துல எங்க வீட்டுக்குள்ள நாலு நாள் தண்ணி நின்னுச்சு சார். தண்ணி போற வழியில வீடு கட்ட ஏன் விட்டாங்க? ஊரை எப்படி அமைக்கணும்னு நான் படிக்கணும். டிப்ளமோ படிச்சவளுக்கு அங்க இடம் உண்டா?" என்று கேட்டாள்.

அவளுக்குச் சொன்ன பதிலில் கொஞ்சம் வரலாறும் இருந்தது. மற்ற பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் இந்தக் கரைக்கு வந்தது முத்துக்கும் துறைமுகத்துக்கும்தான். ஊர் மக்களின் குடிதண்ணீர்க் கஷ்டம் தீர 1927 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நகராட்சித் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார். அவர் நகரமைப்புப் பட்டம் பெற்றவர் அல்லர். அந்த நாளில் இந்தியாவில் அப்படி ஒரு பட்டப்படிப்பே கிடையாது.

நகரமைப்புத் துறையின் முன்னோடி என்று உலகமே கொண்டாடும் பேட்ரிக் கெடிஸ் கதை இன்னும் சுவையானது. ஸ்காட்லாந்துக்காரர், தாவரவியல் படித்தவர், கடைசி வரை எந்தப் பட்டத்துக்கும் தேர்வு எழுதி வாங்காதவர். 1914-இல் அவர் சென்னைக்கு வந்தபோது, அவருடைய நகரக் கண்காட்சிக்கான படங்களும் வரைபடங்களும் வேறொரு கப்பலில் வந்துகொண்டிருந்தன. அந்தக் கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது. நம் ஊரில் கில்லாடிகளை "எம்டன்" என்கிறோமே, அதே ஜெர்மன் போர்க்கப்பல்தான். நண்பர்கள் புதிதாகப் படங்கள் சேர்த்து அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கண்காட்சி நடந்தது. பிறகு அவர் மதுரை, தஞ்சாவூர் போன்ற ஊர்களின் தெருத்தெருவாக நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். பட்டம் இல்லாத அவரையே 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அமர்த்தியது. மறு ஆண்டே, 1920-இல், சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது.

பாலிடெக்னிக் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. இன்று நாட்டிலேயே பெயர் பெற்ற டெல்லி திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளியின் வேர் எங்கே தெரியுமா? 1941-இல் டெல்லி பாலிடெக்னிக்கில் தொடங்கிய ஒரு துறையில்! 1955-இல் தனியாக ஏற்பட்ட நகர, ஊரமைப்புப் பள்ளி 1959-இல் அதனோடு இணைந்தது.

சரி, இன்று வழி என்ன? பி.பிளான் என்ற நேரடிப் பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. டெல்லி, போபால், விஜயவாடா பள்ளிகளில் ஜே.இ.இ. மெயின் தேர்வின் இரண்டாம் தாளில் திட்டமிடல் பிரிவை எழுதிச் சேரலாம். அதற்குப் பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும்.

டிப்ளமோ படித்தவர்களுக்குப் படிக்கட்டு வேறு. மூன்றாண்டு சிவில் டிப்ளமோ முடித்து, பி.இ. சிவிலில் நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் இன்னும் மூன்று ஆண்டு. பிறகு சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.பிளான் இரண்டு ஆண்டு. சிவில் பட்டதாரிகளுக்கு அங்கே இடம் உண்டு. கூட்டிப் பாருங்கள்: 3+3+2, எட்டு ஆண்டு. பிளஸ் டூ, பி.பிளான், எம்.பிளான் வழியில் போனாலும் 2+4+2, அதே எட்டுதான். ஒரு வருடம்கூட வீணில்லை!

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு படித்துவிட்டு, அந்தப் பாடங்களைக் கணக்கில் காட்டிப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேரும் வழி இருக்கிறது. 1901-இல் ஜோலியட் என்ற ஊரில் தொடங்கிய முறை அது. நம் பக்கம் புதுச்சேரியில் 1995-இலும் சென்னையில் 1996-இலும் தொடங்கிய சமுதாயக் கல்லூரிகளின் நோக்கம் வேறு: ஏழைப் பிள்ளைகளுக்கும் படிப்பை இடையில் விட்டவர்களுக்கும் தொழில் கற்றுக்கொடுப்பது. நல்ல நோக்கம்தான். ஆனால் பெயர் ஒன்று என்பதால் வழியும் ஒன்று என்று நம்பிவிடக் கூடாது. எந்தச் சான்றிதழ் படிப்பில் சேர்ந்தாலும், "இதை வைத்து அடுத்து எதில் சேரலாம்?" என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்து அனுப்பினேன். பக்கிள் ஓடைக் கரையோரம் நடந்து, தண்ணீர் எங்கே தடுக்கப்படுகிறது என்று நோட்டில் வரைந்து வரச் சொன்னேன். கெடிஸும் அப்படி நடந்துதான் ஊர்களைப் படித்தார். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த மழை வரும்போது, தண்ணீர் போகும் வழி தெரிந்த நம் ஊர்ப் பிள்ளை ஒருத்தியாவது திட்டம் போடும் மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உங்கள் தெருவில் டிப்ளமோ படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இதைக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.