நாலு கியர் ஹெரால்டு ஆறு கியர் ஆன கதை

மலருக்குக் கட்டுரை கேட்டார்கள் என்றதும், "ஹெரால்டு கதையை எழுது. உன் தப்பையும் சேர்த்து எழுதுடா" என்றான் விடுதியில் என் அறைத்தோழனாக இருந்த எலக்ட்ரிக்கல் நண்பன். எழுதுகிறேன். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு உதவட்டும்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961 முதல் சென்னையில் உருவான கார். அதன் மூலம் இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு. எம்1 மோட்டார்வேயின் முதல் பகுதி அங்கே திறந்ததும் அதே ஆண்டு நவம்பரில்தான். வளைவும் மேடுமான பழைய சாலைகளுக்கென்று கியர் அமைத்த கார்கள், நேர்ச்சாலையில் மணிக்கணக்காகக் கத்திக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. அதற்கு மருந்து ஏற்கெனவே இருந்தது. எட்கர் டி நார்மன்வில் வடிவமைத்து, ஷெஃபீல்டு நகரின் லேகாக் நிறுவனம் தயாரித்த ஓவர்டிரைவ்! ஆஸ்டின் ஹீலி, ஜாகுவார், வால்வோ எல்லாவற்றிலும் வந்தது. ஹெரால்டின் உறவுக் கார்களான ஸ்பிட்ஃபயருக்கும் விட்டெஸ்ஸுக்கும்கூடக் கிடைத்தது. பாவம், ஹெரால்டுக்கு மட்டும் கம்பெனி தரவில்லை.

கியர்பாக்ஸின் வாலில் ஒட்டிய சிறு பெட்டிதான் அது. உள்ளே எபிசைக்ளிக் கியர். சாதாரண நேரத்தில் ஸ்பிரிங் அழுத்தத்தால் எல்லாம் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சுற்றும். சுவிட்சைப் போட்டால் ஆயில் அழுத்தம் கூம்புக் கிளட்சை நகர்த்தி, நடுச் சக்கரத்தை நிறுத்திவிடும், வெளிவளையம் வேகமெடுக்கும். ஸ்பிட்ஃபயரின் டி டைப்பில் விகிதம் 0.802. 4000 சுற்றில் அலறிய எஞ்சின், அதே வேகத்துக்கு 3200 சுற்றில் அடங்கிவிடும். மூன்றாம், நான்காம் கியர்களில் வேலை செய்வதால் மொத்தம் ஆறு.

பெட்டியை மட்டும் வாங்கி மாட்ட முடியாது. உள்ளே மெயின் ஷாஃப்டே வேறு. ஸ்பிட்ஃபயர் கியர்பாக்ஸையே இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். லேத் பட்டறையில் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டிக் குறைத்து பேலன்ஸ் செய்தோம். ஒரு மாதம் ஓடிற்று. ஒயரிங்? ரெண்டு ஒயர்தானே என்று நானே முடித்துவிட்டேன். மெக்கானிக்கல்காரனுக்கே உரிய திமிர்!

மதுராந்தகம் தாண்டியதும் காலடியில் புகை. சாலினாய்டு கருகிவிட்டது. அதற்குள் இரண்டு காயில்கள். இழுக்கும் காயில் 15 ஆம்பியருக்கு மேல் வாங்கும். லீவர் முழுதாக நகர்ந்ததும் உள்ளே ஒரு தொடர்பு விலகி, ஓர் ஆம்பியர் அளவில் பிடித்துவைக்கும் காயில் மட்டும் மிஞ்ச வேண்டும். நான் லீவரைச் சரியாக வைக்கவில்லை. ரிலே இல்லை, ஃபியூஸ் இல்லை.

நண்பன் பஸ் பிடித்து வந்தான். சாலினாய்டை அவன் பார்க்கவே இல்லை. "சுவிட்ச் போட்டபடி ரிவர்ஸ் எடுத்தியா?" என்றான். எனக்கு வியர்த்துவிட்டது. ஓவர்டிரைவ் பிடித்திருக்கும்போது ரிவர்ஸ் போட்டால் உள்ளே ஒருவழிக் கிளட்ச் நொறுங்கும். அதைத் தடுக்கத்தான் கியர்பாக்ஸ் மூடியில் ஒரு சுவிட்ச் உண்டு; மூன்றிலும் நான்கிலும் மட்டுமே மின்சாரம் விடும். அதையும் நான் இணைக்கவில்லையே!

வழியில் ஒரே ஓர் இடத்தில்தான் நிறுத்தியிருந்தேன். அந்த டீக்கடைக்கு இரண்டு பக்கமும் வழி. நேராகவே வெளியே வந்திருக்கிறேன். ஓவர்டிரைவ் பிழைத்தது அந்தக் கடைக்காரர் புண்ணியம்.

புதிய சாலினாய்டு வந்ததும் அவனே மாட்டினான். 3/16 அங்குலக் கம்பியை லீவர் துளை வழியாகப் பெட்டியின் துளைக்குள் செருகி அளவு வைத்தான். ரிலே, ஃபியூஸ், மூடி சுவிட்ச் எல்லாம் முறையாகப் பூட்டினான். ரிவர்ஸில் போட்டு, விளக்கு வைத்துச் சோதித்த பிறகே சாவியை என்னிடம் கொடுத்தான்.

சந்திப்பு நாளில் வண்டி ஒர்க்ஷாப் வாசலில் நிற்கும். பானெட்டைத் தாராளமாகத் திறந்து பாருங்கள். ஒயரிங் பற்றிக் கேட்க வேண்டுமானால் அவனைக் கேளுங்கள்.