மல்லாட்டையும் மூன்று எதிரிகளும்

செஞ்சிக் கோட்டை என்றதும் ராஜா தேசிங்குதான் நினைவுக்கு வருவார். ஆனால் கோட்டையின் உண்மையான பலம் அதன் மூன்று மலைகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் ஒரே மதில் இணைக்கிறது. மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை போராடித்தான் இதைப் பிடித்தது!

கோட்டையைச் சுற்றியுள்ள மானாவாரி நிலங்களில் விளைவது மணிலா என்கிற நிலக்கடலை. ஊர்ப் பேச்சில் மல்லாட்டை. 19ஆம் நூற்றாண்டிலேயே தென்னாற்காட்டு மல்லாட்டை புதுச்சேரி வழியாகப் பிரான்சுக்குக் கப்பல் ஏறியது.

இதே பயிருக்கு ஆப்பிரிக்காவில் ஓர் எமன் உண்டு. பெயர் ரோசெட் நோய். இலை சிறுத்து, கணுக்கள் நெருங்கி, செடி குத்துச்செடியாகக் குறுகிவிடும். பூப்பதற்கு முன்பே தாக்கினால் காயே பிடிக்காது. அன்றைய ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் 1907ல் இது முதலில் பதிவானது. 1975ல் நைஜீரியாவில் சுமார் 7 லட்சம் ஹெக்டேர் பயிர் அழிந்தது. கானோ நகரில் பிரமிடு போல அடுக்கப்பட்டிருந்த கடலை மூட்டைகள் மறைந்து போனதற்கு வறட்சி, பெட்ரோல் பணம் ஆகியவற்றோடு இந்த நோயும் ஒரு காரணம்.

குற்றவாளி யார்? பல ஆண்டுகள் குழப்பம்தான். செஞ்சியைப் போலவே இங்கும் மூன்று பேர் கூட்டணி!

முதலாவது, ரோசெட் வைரஸ். இதற்குத் தனக்கென்று புரத உறை கிடையாது. இரண்டாவது, உதவி வைரஸ். உறையை இதுதான் கடன் கொடுக்கிறது. அந்த உறைக்குள் இருந்தால்தான் அசுவினிப் பூச்சி வழியாகச் செடிக்குச் செடி போக முடியும். மூன்றாவது, சுமார் 900 எழுத்துகளே கொண்ட ஒரு துணை ஆர்.என்.ஏ. ரோசெட் வைரஸ் இல்லாமல் இதனால் பெருகவும் முடியாது. வெறும் ஒட்டுண்ணி என்றுதான் யாருக்கும் தோன்றும்.

1988ல் ஸ்காட்லாந்தில் மியூரன்ட், ராஜேஸ்வரி உள்ளிட்ட குழுவினர் இந்தத் துணை ஆர்.என்.ஏ. இல்லாத ரோசெட் வைரஸைச் செடிக்குக் கொடுத்துப் பார்த்தனர். பெரிய பாதிப்பு இல்லை. துணையைத் திரும்பச் சேர்த்ததும் நோய் முழு வேகத்தில் வந்தது! துணை ஆர்.என்.ஏ.வின் வகை மாறினால் நோயின் கடுமையும் மாறியது. வைரஸ் உதவி வைரஸின் உறைக்குள் ஏறுவதற்கும் இந்தத் துணையே தேவை.

இப்படி ஒரு கதை முன்பே உண்டு. 1972ல் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் தக்காளிச் செடிகள் கருகி மடிந்தன. வெள்ளரி மொசைக் வைரஸோடு ஒட்டி வந்த ஒரு துணை ஆர்.என்.ஏ. இப்படிக் கருக வைக்கும் என்று 1977ல் அமெரிக்காவின் கேப்பரும் வாட்டர்வொர்த்தும் காட்டினர். அதே வைரஸோடு வரும் வேறு சில துணைகள் நோயைத் தணிக்கவும் செய்கின்றன!

ரோசெட் நோய் இந்தியாவில் இல்லை. விதை வழியாகவும் அது பரவாது. ஆனால் அதைச் சுமக்கும் கறுப்பு அசுவினி செஞ்சி வயல்களுக்குப் புதிதல்ல. வண்டி தயாராக நிற்கிறது, பயணிகள்தான் வரவில்லை.

நல்ல செய்தியும் உண்டு. ரோசெட் வைரஸைத் தாங்கும் கடலை ரகங்களில் துணை ஆர்.என்.ஏ.வும் பெருக முடியாமல் போகிறது. கோட்டையைப் பிடிக்க மூன்று மலையும் வேண்டியதில்லை, சரியான ஒன்று போதும்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது சும்மா சொன்னதா என்ன?