ஒயின் திராட்சை: தோட்டம் முதல் ஆலை வரை தரம் காக்கும் முறைகள்

ஆனேக்கல்: கர்நாடகத்தின் 'பெங்களூரு புளூ' திராட்சை 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனேக்கல் வட்டம் அடங்கிய பெங்களூரு நகர்ப்புற மாவட்டமும் அதன் விளைபகுதிகளுள் ஒன்று. பழச்சாற்றுக்கும் இனிப்பு ஒயினுக்கும் இத்திராட்சை பயன்படுகிறது.

மா, வாழை போலத் திராட்சை பறித்த பின் பழுப்பதில்லை. கொடியில் சேர்ந்த சர்க்கரையே இறுதியானது. ஆகவே, பல கொத்துகளின் பழச்சாற்றை ரிஃப்ராக்டோமீட்டரில் சோதித்த பின்னரே அறுவடை நாள் குறிக்கப்படுகிறது.

தரத்தைக் கெடுப்பவற்றுள் மாவுப்பூச்சி முக்கியமானது. அது சுரக்கும் இனிப்புத் திரவத்தில் கரும்பூஞ்சணம் படர்கிறது. பூச்சி ஒளியும் தளர்ந்த பட்டைகளைக் கவாத்தின்போது உரித்து அகற்றுவதும், அதனை உண்ணும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டுகளை விடுவதும் பலனளிக்கும். மழைக்காலத்தில் அடிச்சாம்பல் நோய் பரவும் என்பதால், பந்தலில் காற்றோட்டம் அவசியம்.

மருந்து தெளித்தால், அதற்குரிய காத்திருப்புக் காலம் முடியும் முன் பறிக்கலாகாது. பழத்தில் எஞ்சும் கந்தகம், நொதித்தலின்போது அழுகிய முட்டை நாற்றத்தை உண்டாக்கக்கூடும்.

அதிகாலையில் பறித்து, அழுகியவற்றை நீக்கி, ஆழமற்ற கூடைகளில் அன்றே ஆலைக்கு அனுப்புவது நன்று. நசுங்கிய பழம் வழியிலேயே நொதிக்கத் தொடங்கும். பருவம் முழுவதும் காத்த தரம் ஆலை வாசலில் விலை இழக்கும்.