கெத்தும் மூளையைக் கெடுக்குமா? ஆய்வுச் செய்தியைப் படிப்பது எப்படி?

ஜார்ஜ்டவுன் – "கெத்தும் நீர் குடித்தால் மூளைக்கு ஒன்றும் ஆகாது, யுஎஸ்எம் ஆய்வே சொல்கிறது." "கெத்தும் ஞாபக சக்தியைப் பாதிக்கும், யுஎஸ்எம் ஆய்வில் உறுதி." இந்த இரண்டு தகவல்களையும் ஒரே ஆய்விலிருந்து எடுத்துப் புலனத்தில் அனுப்பிவிட முடியும். இரண்டிலுமே முழு உண்மை இருக்காது.

பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையம் கெத்தும் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. 2019-இல் அந்த மையத்தினர் வெளியிட்ட ஆய்வில், வழக்கமாகக் கெத்தும் குடிக்கும் 70 பேரும் குடிக்காத 25 பேரும் கணினி வழிச் சோதனைகள் செய்தனர். மொத்தத்தில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் நாளொன்றுக்கு 3 குவளைக்கு மேல் குடித்தவர்கள் ஒரு சோதனையில் பின்தங்கினர். எந்த உருவம் எந்தக் கட்டத்தில் இருந்தது என்று நினைவில் வைத்துச் சொல்லும் சோதனை அது. முதல் பாதியை மட்டும் படித்தவர் 'ஒன்றும் ஆகாது' என்பார். இரண்டாம் பாதியை மட்டும் படித்தவர் பயமுறுத்துவார்.

இன்னொன்றும் உண்டு. அவர்கள் கெத்தும் குடிக்கத் தொடங்குவதற்கு முன் அவர்களுடைய நினைவாற்றல் எப்படி இருந்தது? ஒரே காலகட்டத்தில் இரு தரப்பை ஒப்பிடும் ஆய்வால் அதைச் சொல்ல முடியாது. தொடர்பு தெரியும், காரணம் அவ்வளவு எளிதில் தெரியாது.

காரணத்தை நெருங்க வேறு வழி வேண்டும். 2020-இல் இதே மையத்தின் பேராசிரியர் விக்னசிங்கம் பாலசிங்கம் குழுவினர், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 26 ஆண்களுக்கு அப்படியொரு சோதனை நடத்தினர். கெத்தும் பானமும் போலி பானமும் தரப்பட்டன. எது எந்தப் பானம் என்பது குடித்தவருக்கும் தெரியாது, சோதித்தவருக்கும் தெரியாது. பிறகு ஐஸ் நீரில் கையை வைத்து எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று பார்த்தனர். கெத்துமுக்கு முன் சராசரி 11.2 வினாடி, ஒரு மணி நேரம் கழித்து 24.9 வினாடி. போலி பானத்தில் மாற்றமில்லை. வலி குறைகிறது என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வது வெறும் பேச்சில்லை என்பதற்கு இது ஓர் ஆதாரம்தான். ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகப் பெரிது. ஒரு சிலர் நெடுநேரம் தாங்கினாலே சராசரி ஏறிவிடும். 26 பேரும் ஏற்கெனவே குடித்துப் பழகியவர்கள், பெண்கள் யாருமில்லை.

அந்த ஆய்வில் 10 முதல் 20 மணி நேரம் கெத்தும் இல்லாமல் இருந்தபோது யாருக்கும் தவிப்பு வரவில்லை. அப்படியானால் அடிமையாக்காதா? இதே மையம் 2014-இல் வட மாநிலங்களில் 293 பேரிடம் எடுத்த ஆய்வைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் குடித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் கடுமையான சார்புநிலை இருந்தது. நிறுத்தினால் தசைவலி, தூக்கமின்மை, வயிற்றுப்போக்கு என்று சொன்னார்கள். ஒரு நாள்கூட ஆகாத கண்காணிப்பையும் பல மாதப் பழக்கத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

மது விஷயத்திலும் இதே குழப்பம் வருகிறது. பிரான்சில் 2008 முதல் 2013 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, 65 வயதுக்கு முன் மறதி நோய் வந்த 57,353 பேரில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் மதுவின் தடம் இருந்தது. குடிப்பவர்களில் பாதிப் பேருக்கு மறதி நோய் வரும் என்பது இதன் பொருளல்ல. அதற்காக நம் வீடுகளில் இதை லேசாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

சட்டம் தனி. கெத்துமிலுள்ள மிட்ராஜினின் 2003 முதல் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. அபராதமும் சிறையும் விதிக்கப்படலாம். ஆய்வு முடிவு எதுவானாலும் அது இந்தச் சட்டத்தை மாற்றிவிடாது.

ஆய்வில் பங்கேற்க யாராவது அழைத்தால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா, பெயர் இரகசியமாக வைக்கப்படுமா என்று கேட்கலாம். ஒப்புதல் படிவத்தைப் புரிகிற மொழியில் விளக்கச் சொல்லலாம். பாதியில் விலகவும் உரிமை உண்டு. தினமும் குடிப்பவர் நிறுத்த நினைத்தால், நாளுக்கு எத்தனை குவளை, எத்தனை ஆண்டுப் பழக்கம் என்பதை அரசு சுகாதாரக் கிளினிக் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.